சுருதி நிற்காத கிட்டார்

அக்டோபர் 11

யாரையாவது நன்றாகத் திட்ட வேண்டும் போலிருக்கிறது. திட்டினால் வாங்கிக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமே. அதனால்தான் பொங்கலுக்கு ஜவுளிக்கடையில் கொடுத்த, வெங்காயக் கூடைக்கு அடியில் கிடந்த இந்த டைரியை எடுத்தேன்.

இன்றைக்கு ஆயுத பூஜை. மாடிக் கொட்டகையில் குழுவின் வாத்தியங்களை எல்லாம் வரிசையாக வைத்துப் பொட்டு வைத்தோம். குழு என்றால் என் வீட்டுக்காரர் தவமணியின் மெல்லிசைக் குழு. கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா என்று மதுரையைச் சுற்றி எங்கே மேடை போட்டாலும் போவோம். அவர் பாடுவார். அருள்தாஸ் கீபோர்டு. பாண்டி ரிதம் பேடு. நான் எலக்ட்ரிக் கிட்டார், கல்யாணத்துக்கு முன்பிருந்தே. கிட்டார் வாசிக்கிற பெண் என்று பார்க்க வந்துதான் அவர் என்னைக் கட்டினார். இப்போது கேட்டால் ஜாதகம் பொருந்தியது என்பார்.

பாண்டியிடம் சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்தது தப்பு. நான் கீழே சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். மேலே வந்து பார்த்தால், சடங்கான பெண்ணை ஜோடிக்கிற மாதிரி என் கிட்டாரை ஜோடித்து வைத்திருக்கிறான். உடம்பில் ஒரு பொட்டு வைத்தால் போதாதா? தலையில் பட்டை, கழுத்தில் பட்டை, கீழே கம்பிகளைத் தாங்குகிற பாலத்தில் பட்டை, அதன் மேல் குங்குமம்.

"போதும்டா பாண்டி, அது கம்பி போற எடம்டா."

"சாமி காரியத்துல கஞ்சத்தனம் பாக்கக் கூடாது மதினி."

துணியை எடுத்து உடனே துடைக்கப் போனேன். அவர் விடவில்லை. "பூசையில வச்சதத் தொடாத. நாளைக்கு சாமி கும்பிட்டு எடுத்துக்கலாம்" என்றார். இரவு முழுக்க அந்தச் சந்தனம் காயும் என்று சொன்னேன். எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி நின்றார். இரண்டு முறை சொன்னேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, சூடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த மனிதர் வரவர நான் சொல்வது எதையுமே காதில் போட்டுக்கொள்வதில்லை.

அக்டோபர் 12

நான் சொன்னதுதான் நடந்தது. சொன்னது நடந்தால் சந்தோஷம் வரும் என்பார்கள். மானம்தான் போனது.

சாயங்காலம் காலனி நவராத்திரி மேடை. முதல் பாட்டு எப்படியோ ஓடியது. இரண்டாவது பாட்டின் இடையிசையில், கம்பிகளைத் தளர்த்தி சுருதியைக் குழைக்கிற கைப்பிடியை ஒருமுறை அழுத்தினேன். இதை ட்ரெமோலோ என்போம். அழுத்தினால் சுருதி வழுக்கி இறங்கும், விட்டால் பழைய இடத்துக்கு வந்து நிற்க வேண்டும். வரவில்லை. மூன்றாவது கம்பி ஏறி நின்றுவிட்டது. அடுத்த வரியில் நான் வாசித்த சுரம், கல்யாண வீட்டில் இழவுப் பாட்டு பாடின மாதிரி கேட்டது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். அவர் பாடிக்கொண்டே என்னைப் பார்த்தார். அருள்தாஸ் பார்த்தான். பாண்டி மட்டும் பார்க்கவில்லை. பார்க்க முகம் வேண்டுமே.

அக்டோபர் 13

காலையிலிருந்து கிட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். சோறு மட்டும் வடித்தேன், குழம்பு நேற்றையது.

கிட்டாரின் கழுத்து முடிந்து தலை தொடங்குகிற இடத்தில் ஒரு வெள்ளைப் பட்டை உண்டு. நட் என்று பெயர். அதில் ஆறு வெட்டு. ஆறு கம்பியும் அந்த வெட்டில் உட்கார்ந்துதான் முறுக்குச் சாவிக்குப் போகும். கைப்பிடியை அழுத்தும்போது கம்பி அந்த வெட்டுக்குள் இம்மியளவு நகரும். விட்டதும் நகர்ந்த வழியே திரும்பும். வெட்டுக்குள் ஒரு தூசி இருந்தாலும் மாட்டிக்கொள்ளும். என் நட்டில் தூசி இல்லை, சிமெண்டு இருந்தது. ராத்திரி முழுக்கக் காய்ந்து இறுகிய சந்தனம்.

கம்பிகளைக் கழற்றி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். போகாததை ஊசி முனையால் எடுத்தேன். அறுந்த பழைய கம்பித் துண்டை ஒவ்வொரு வெட்டிலும் விட்டு இழுத்து இழுத்து வழவழப்பாக்கினேன். பென்சில் முனையைச் சீவி அந்தக் கரியைப் பூசினேன். கம்பி வழுக்கிப் போக அதைவிட நல்லது எதுவும் எனக்குத் தெரியாது. பிறகு ட்ரெமோலோ. அது இரண்டு திருகாணிகளின் மேல் கத்தி விளிம்பு மாதிரி உட்கார்ந்திருக்கும். அங்கேயும் குங்குமம். துடைத்து எண்ணெய் தொட்டு வைத்தேன்.

பாண்டிக்குப் போன் போட்டேன். "ஏன்டா, அடுத்த வருசம் மைக்குக்குப் பால் ஊத்தி அபிசேகம் பண்ணு" என்றேன். "மதினி, சத்தியமா எனக்குத் தெரியாது மதினி" என்று அழாத குறை. திட்டி முடித்ததும் மனசு லேசானது. காரணம் தெரிந்தது, சரி செய்தாயிற்று, கதை முடிந்தது என்று நினைத்தேன்.

அக்டோபர் 18

முடியவில்லை.

மாடிக் கொட்டகையில் இன்று ஒத்திகை. பாதிப் பாட்டில் அவர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"கலா, கிட்டாரு ஏறி நிக்குது."

"இல்லீங்க. இப்பத்தான பாத்தேன்."

"ஏறி நிக்குதுன்னு சொல்றேன்ல?"

கிட்டார் தலையில் மாட்டியிருந்த, சுருதி பார்க்கிற டியூனரைக் காட்டினேன். ஒவ்வொரு கம்பியாகத் தட்டினேன். முள் நட்ட நடுவில் நின்றது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. "மிசின் என்ன சொல்லுதுங்கிறது எனக்கு எதுக்கு? என் காது சொல்லுது" என்றார். முப்பது வருஷமாகப் பாடுகிற காதாம்.

அருள்தாஸைப் பார்த்தேன். அவன் கீபோர்டைப் பார்த்தான். பாண்டியைப் பார்த்தேன். "எனக்கு சரியாத்தேன் கேட்டுச்சு மதினி… ஆனா அண்ணன் சொன்னா சரியாத்தேன் இருக்கும்" என்றான். இப்படி இரண்டு பக்கமும் தாளம் போட்டுப் போட்டுத்தான் அவன் ரிதம் பேடு வாசிப்பவன் ஆனான்.

அருள்தாஸ் இருக்கிறானே, அவன் இன்னொரு வகை. "அக்கா, கோச்சுக்காதீங்க. கீபோர்டுலயே கிட்டாரு சவுண்டு இருக்கு. ஏறவும் ஏறாது, எறங்கவும் எறங்காது" என்று ஒரு பொத்தானை அமுக்கி வாசித்துக் காட்டினான். பிளாஸ்டிக் பூவை நீட்டி, இது வாடாது என்கிற மாதிரி. அவர் தலையை ஆட்டிக் கேட்டார்.

அக்டோபர் 20

மறுபடி பிரித்தேன். கம்பிகள் ஒரு பக்கம் இழுக்க, முதுகுக்குள் இருக்கிற ஸ்பிரிங்குகள் மறுபக்கம் இழுக்க, நடுவில் ட்ரெமோலோ நிற்கிறது. கயிறு இழுக்கும் போட்டி மாதிரி. ஒரு பக்கம் ஓர் ஆள் தளர்ந்தாலும் மொத்தமும் சாயும். ஸ்பிரிங் திருகாணியைக் கால் சுற்று ஏற்றி, மறுபடி எல்லாக் கம்பியையும் சுருதி கூட்டி, மறுபடி இறக்கி, இடுப்பு விட்டுப்போனது. புதுக் கம்பி போட்டேன். போட்டதும் ஒவ்வொன்றையும் இழுத்து இழுத்துத் தளர்த்தி, கூட்டி, இழுத்து, கூட்டி, இனி இழுபடாது என்கிற வரைக்கும் விடவில்லை.

கீழே அவர் டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் என் காதில் டியூனிங் எப்படி விழும்? "கொறைங்க" என்று படியிலிருந்து கத்தினேன். குறைக்கவில்லை. எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "என்னத்தா, தெருவுக்கே நியூஸ் போடுறீகளா?" என்றார். இறங்கிப் போய் ரிமோட்டைப் பிடுங்கிக் குறைத்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வை, கோபப் பார்வைகூட இல்லை. திருடிய இடத்தில் பிடிபட்டவன் பார்வை. எனக்கு அதை நினைத்துப் பார்க்க நேரமில்லை. ஸ்பிரிங் மூடி திறந்தபடி கிடந்தது.

அக்டோபர் 27

ஜெயித்தேன்!

உசிலம்பட்டியில் ஒரு வரவேற்பு. மேடை குறுகல். வலது பக்கம் மணமக்கள் சோபாவும் பூ அலங்காரமும் அடைத்துக்கொண்டதால், வழக்கமாக அவருக்கு வலப்பக்கம் நிற்கிற நான் இடப்பக்கம் போய் அருள்தாஸோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். நெருக்கடியில் கிட்டார் கழுத்து அவன் விலாவில் இரண்டு முறை இடித்தது. தெரியாமல் இடித்தது ஒன்று.

கச்சேரி முழுக்க ஒரு சொல் இல்லை. ட்ரெமோலோவை வேண்டுமென்றே நாலு பாட்டில் அழுத்தினேன். முடிந்து சாப்பிடும்போது, இலையில் எனக்கு ஒரு பூரியை எடுத்து வைத்து, "இன்னைக்குக் கிட்டாரு கல்லு மாதிரி நின்னுச்சு கலா" என்றார். ஸ்பிரிங்கைக் கூட்டியது வேலை செய்திருக்கிறது. அருள்தாஸிடம், "பிளாஸ்டிக்க வீட்டுலயே வச்சுக்க தம்பி" என்றேன்.

அக்டோபர் 31

தீபாவளி. வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவருக்கு வலப்பக்கம் பையன்கள் சரவெடியைக் கொளுத்திப் போட்டார்கள். நான் அடுக்களையில் தூக்கிவாரிப் போட்டு எண்ணெயைக் கொட்டிக்கொண்டேன். மனிதர் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

நவம்பர் 8

மேலூர்.

பெரிய மண்டபம், பெரிய மேடை. அவரவர் இடத்தில் அவரவர். நான் வலது பக்கம். முதல் பாட்டிலேயே அவர் நெற்றி சுருங்கியது. வழக்கத்தைவிட உரக்கப் பாடினார். இரண்டாவது பாட்டில் பாடுகிறவருக்குக் கேட்க வைக்கிற மானிட்டர் ஸ்பீக்கரைக் காலால் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மூன்றாவது பாட்டின் சரணத்துக்கு முன்னால், மைக்கில், எண்ணூறு பேருக்கு முன்னால், சிரித்துக்கொண்டே சொன்னார்:

"கிட்டாரு கொஞ்சம் சுதி சேத்துக்கிட்டா நல்லா இருக்கும். வீட்டுல சண்டை போட்டத மேடையில காட்டக் கூடாதுல்ல?"

கூட்டம் சிரித்தது. மாப்பிள்ளை சிரித்தான். ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்த ஒரு குழந்தை, மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்து அதுவும் சிரித்தது.

டியூனர் முள் நடுவில்தான் நின்றது. நான் பார்த்தேன். பாண்டிக்கும் காட்டினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். மிச்சக் கச்சேரி முழுக்க நான் ட்ரெமோலோவைத் தொடவில்லை. தொட்டிருந்தால் பிடுங்கி எறிந்திருப்பேன், யார் மேல் என்று சொல்ல முடியாது.

வேனில் அவர் ஏதோ கேட்டார், நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நவம்பர் 9

அடுப்புப் பற்ற வைக்கவில்லை. ஓட்டலில் வாங்கித் தின்னட்டும்.

நவம்பர் 10

கிட்டாரின் முதுகைத் திறந்து, ட்ரெமோலோ கட்டைக்கு இரண்டு பக்கமும் தேக்குத் துண்டைச் சீவி அடித்து இறுக்கினேன். இனி அது இந்தப் பக்கமும் அசையாது, அந்தப் பக்கமும் அசையாது. கைப்பிடியைக் கழற்றி மேசை டிராயருக்குள் போட்டேன். அந்தக் குழைவுக்காகத்தான் இந்தக் கிட்டாரைத் தேடித் தேடி வாங்கினேன். சுருதி விலகாமல் குழைவது எப்படி என்று கற்றுக்கொள்ள எனக்குப் பல வருஷம் ஆனது. இப்போது என் கையாலேயே அதற்கு ஆப்பு அடித்திருக்கிறேன். அடிக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் ஒரு வசவு சொன்னேன். இங்கே எழுத முடியாது.

கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். "இனி நீங்க இதை மாடியில இருந்து தூக்கிப் போட்டாலும் சுதி எறங்காது" என்றேன். அவர் கிட்டாரைக் கையில் எடுத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். முதுகில் தேக்குத் துண்டைத் தடவினார். பாராட்டுவார் என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நவம்பர் 14

ஒத்திகை. மறுபடியும் ஏறி நிற்கிறதாம். அசையாத கட்டை ஏறி நிற்கிறதாம்!

"அப்ப ஒண்ணு பண்ணுவோம் கலா," என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "திருமங்கலம் கச்சேரிக்கு நீ கிட்டாரு எடுக்காத. அருளு கீபோர்டுல வாசிக்கட்டும். நீ கோரஸ் பாடு."

கோரஸ். ஆ… ஆ… என்று பின்னால் நின்று வாயைத் திறக்கிற வேலை. திருமங்கலம் கச்சேரி இந்த முகூர்த்தத்தில் பெரியது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வருஷத் திருவிழாக் கமிட்டிக்காரர்கள் கூப்பிடுவார்கள். அதில் நான் இல்லை என்றால் அதற்கப்புறம் எப்போதும் இல்லை. இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அருள்தாஸுக்கு எங்கள் இரண்டு பேரையும்விட நன்றாகத் தெரியும்.

"நான் வாசிச்சா கிட்டாரு, இல்லைன்னா நான் இல்ல. கோரசுக்கு வேற ஆளப் பாருங்க."

"ஏண்டி இப்படிப் பிடிவாதம் பிடிக்கிற?"

"பிடிவாதமா? எந்தக் கம்பி, எவ்வளவு ஏறியிருக்குன்னு ஒரு தடவ சொல்லுங்க. ஒரே ஒரு தடவ."

அவர் எழுந்து கீழே போய்விட்டார். ஆளில்லாத கொட்டகையில் நான் கம்பிகளைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லாம் சரியாக இருந்தது. எல்லாம் சரியாக இருப்பதுதான் என்னை வெறி பிடிக்க வைக்கிறது.

நவம்பர் 17

திருமங்கலம்.

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். போனேன். கிட்டாரை உறையில் போட்டுக் கையோடு கொண்டுபோனேன். கோரஸும் பாட மாட்டேன், மேடையும் ஏற மாட்டேன், முதல் வரிசையில் உட்கார்ந்து பார்ப்பேன், என்னை அங்கே பார்த்துக்கொண்டே பாடட்டும் என்று ஒரு வன்மம்.

மத்தியானம் மண்டபம் காலி. நாற்காலி போடுகிறவர்கள் மட்டும் இருந்தார்கள். நான் கீழே ஒரு நாற்காலியில், மடியில் கிட்டார் உறை, ஜிப்பைக்கூடத் திறக்கவில்லை. மேடையில் ஒலிச் சோதனை. என் இடம், அவருக்கு வலப்பக்கம், காலியாக இருந்தது. அருள்தாஸ் கிட்டார் பகுதிக்கென்று இரண்டாவது கீபோர்டு ஒன்றைக் கொண்டுவந்திருந்தான்; அதை நேராக என் இடத்தில் போட்டான், ஸ்பீக்கரோடு. நான் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன்.

வாசிக்க ஆரம்பித்தார்கள். அவர் கண்ணை மூடிப் பல்லவி எடுத்தார். அருள்தாஸ் அந்தப் பிளாஸ்டிக் கிட்டாரை இழைத்தான். இரண்டு வரி போயிருக்கும். அவர் நெற்றி சுருங்கியது. கண்ணைத் திறக்காமலே, பழக்க தோஷத்தில், வலது பக்கம் கையை நீட்டிச் சத்தம் போட்டார்:

"கலா! கிட்டாரு ஏறி நிக்குது கலா!"

பாண்டி வாசிப்பதை நிறுத்தினான். நாற்காலி போடுகிறவர்கள்கூட நின்றார்கள். நான் கீழே இருந்து, "நான் இங்க இருக்கேங்க" என்றேன்.

அவர் கண்ணைத் திறந்தார். என் இடத்தில் அருள்தாஸ் நின்றான், இரண்டு கையும் கீபோர்டின் மேல். அவன் முகத்தில் ரத்தம் இல்லை. "அண்ணே," என்றான் மெதுவாக, "இது கீபோர்டுண்ணே. இது ஏறாதுண்ணே."

முதலில் நான் சிரித்தேன். உண்மையைச் சொல்கிறேன், வாய்விட்டுச் சிரித்தேன். ஒரு மாசமாக நான் வாங்கிய அத்தனை பேச்சுக்கும் அந்த ஒரு நொடி போதும் என்றிருந்தது. சிரிப்பு மண்டபத்தில் எதிரொலித்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. மெதுவாக உடம்பைத் திருப்பி, இடது பக்கத்தை அந்த ஸ்பீக்கருக்குக் காட்டினார். "மறுபடி வாசி அருளு" என்றார். அருள்தாஸ் வாசித்தான். வலது பக்கத்தைத் திருப்பினார். "வாசி." வாசித்தான். மறுபடி இடது. மறுபடி வலது. நாலு முறையோ ஐந்து முறையோ அப்படித் திரும்பினார், சட்டை தைத்துப் போட்டுப் பார்க்கிறவர் கண்ணாடி முன்னால் திரும்புகிற மாதிரி. என் சிரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை.

சாயங்காலக் கச்சேரிக்கு அருள்தாஸ் பாடினான். அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று கூட்டத்துக்குச் சொன்னோம். நான் கிட்டாரைத் திறந்து என் இடத்தில் நின்று வாசித்தேன். வாசித்ததில் எனக்கு ஒரு துளி சந்தோஷம் இல்லை.

நவம்பர் 18

காலையில் மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். மேலே வந்தார். சுவர் ஓரமாக நின்றார். நான் அவருக்கு இடது பக்கமாகப் போய் நின்றுகொண்டேன்.

"எப்பருந்து?"

"ஆவணியிலருந்து இருக்கும். வலது காதுல ஒரே இரைச்சல். அப்பறம் அந்தப் பக்கம் எது கேட்டாலும் கொஞ்சம் ஏறிக் கேக்கும். போனை அந்தப் பக்கம் வச்சா உன் குரலே வேற ஆளு மாதிரி கேக்கும்."

"தெரிஞ்சேதான் என் கிட்டார சொன்னீங்களா?"

சுவர்க் காரையைச் சுரண்டிக்கொண்டே சொன்னார்: "தெரியும்னும் சொல்ல முடியல, தெரியாதுன்னும் சொல்ல முடியல. அன்னைக்குச் சந்தனம் ஒட்டி நெசமாவே சுதி போச்சுல்ல? அப்ப எனக்கு எம்புட்டு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? அடடா, கிட்டாருதேன்னு. கிட்டாருன்னா சரி பண்ணிரலாம்ல, கலா."

இது ஒரு பெண்டாட்டி அழ வேண்டிய இடம். எனக்கு அழுகை வரவில்லை. கையில் இருந்த ஈரத் துண்டை அவர் காலடியில் வீசினேன்.

"சரி பண்ணுனது யாரு? தேச்சது யாரு? ஆப்பு அடிச்சது யாரு? நீங்க நிம்மதியா இருக்கிறதுக்கு நான் மேலூர்ல அத்தன பேரு முன்னாடி சிரிப்பா சிரிச்சேன். ஏன், என்கிட்ட ஒரு வார்த்த சொன்னா நாக்கு அழுகிருமா?"

"பாடகனுக்குக் காது போச்சுன்னு தெரிஞ்சா எவன் கூப்பிடுவான்?"

"கிட்டார்க்காரிக்குச் சுதி நிக்கலைன்னா மட்டும் கூப்பிடுவானா?"

எனக்கு அதற்குமேல் மூச்சு இல்லை. அவர் துண்டை எடுத்து அலசி மறுபடி காயப் போட்டார்.

நவம்பர் 20

காது டாக்டர். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துச் சோதித்தார்கள். வலது காது நரம்பு தேய்ந்துவிட்டது, முப்பது வருஷம் ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றதன் பலன், போனது திரும்பாது, இடது காதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். வலது காது தப்பாகக் கேட்காமலிருக்க அதில் அடைப்பான் போட்டுக்கொண்டு, இடது காதுக்காகச் சத்தத்தைக் குறைத்துப் பாடலாமாம். "மூணு மாசம் முன்னாடியே வந்திருந்தா?" என்று கேட்டேன். "பாத்திருக்கலாம்" என்றார். பாத்திருக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். அவருக்கு அடுத்த நோயாளி இருந்தார்.

ஆட்டோவில் அவர் இடது பக்கம் உட்காரப் போனார். நான் அவரை வலது ஓரத்துக்குத் தள்ளி உட்கார வைத்து, இடது காதுப் பக்கம் ஏறிக்கொண்டேன். வீடு வரும்வரை திட்டிக்கொண்டே வந்தேன். ஒரு சொல் விடாமல் கேட்டிருப்பார்.

நவம்பர் 23

அருள்தாஸ் வந்தான். "அக்கா, நான் வேணும்னு ஒண்ணும்…" என்று இழுத்தான். காப்பி கொடுத்து அனுப்பினேன். சர்க்கரை போடவில்லை.

அவரிடம் ஒரே ஒரு நிபந்தனை சொன்னேன். "மைக்ல சொன்னீங்க. மைக்லயே திருப்பி எடுத்துக்கணும். அதுக்கப்பறம்தான் உங்க பக்கத்துல நின்னு வாசிப்பேன்." அதை மைக்கில் சொன்னால் பாதி ஊர் எங்களைக் கூப்பிடாது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் கேட்டேன். அந்த அளவுக்கு எரிகிறது.

நவம்பர் 28

வாடிப்பட்டி வரவேற்பு. நான் அவருக்கு இடது பக்கம் நின்றேன். காலையில் தேக்குத் துண்டுகளைத் தட்டி எடுத்துவிட்டு, ட்ரெமோலோவை மறுபடி சமன் செய்து வைத்திருந்தேன். மானிட்டரைப் பாதியாகக் குறைத்திருந்தோம். அவர் வலது காதில் அடைப்பான்.

வணக்கம் சொல்லி முடித்ததும் பாட்டுக்குப் போகாமல் நின்றார். மைக்கை இறுக்கிப் பிடித்தார்.

"ஒரு விசயம். மூணு வாரம் முன்னாடி மேலூர்ல என் வீட்டுக்காரம்மா கிட்டாரு சுதி சேரலைன்னு மைக்ல சொன்னேன். பொய். கிட்டாரு சரியாத்தேன் இருந்துச்சு. எனக்கு ஒரு காது கேக்கல. அதேன் விசயம்."

கூட்டம் சிரித்தது. கைதட்டியது. பாட்டுக்கு முன்னால் சொல்கிற ஜோக் என்று நினைத்தார்கள். பெண் வீட்டார் ஒருவர் விசில்கூட அடித்தார். அவர் திகைத்து என்னைப் பார்த்தார். நான் அந்தக் கூட்டத்தை முறைத்தேன். ஒரு மனிதன் தன் பிழைப்பையே எடுத்து முன்னால் வைக்கிறான், இவர்களுக்குப் பாயசத்தோடு சேர்த்துச் சிரிப்பு. இத்தனை நாள் அவர் மேல் இருந்த கோபம் மொத்தமும் அவர்கள் மேல் திரும்பியது. கொஞ்சம்தான் மிச்சம் வைத்தேன், வீட்டுக்கு வேண்டுமே.

"எடுங்க" என்றேன். சுருதி கொடுத்தேன். பாடினார்.

முதல் பாட்டு தேறியது. இரண்டாவதில் சரணத்துக்குப் போகும்போது சுருதியில் கால் வீசம், ஒரு மயிரிழை, இறங்கினார். முன்பெல்லாம் அந்த இடத்தில் நெற்றியைச் சுருக்கி என்னைப் பார்ப்பார். இன்றும் பார்த்தார். நெற்றி சுருங்கவில்லை. சரியா என்று கேட்கிற பார்வை, பரீட்சை எழுதிவிட்டு வாசலில் நிற்கிற பிள்ளை மாதிரி. முன்வரிசையில் ஒருவருக்கும் தெரியவில்லை. பாண்டிகூட ரசித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தான். நானும் தலையாட்டியிருந்தால் இன்றைய பொழுது அவருக்கு நிம்மதியாகப் போயிருக்கும்.

நான் ஆட்டவில்லை. அவர் கண்ணைப் பார்த்து, சுருதி ஏறணும் என்று கட்டை விரலை மேலே காட்டினேன். இன்னும் என்று மறுபடி காட்டினேன். அவர் ஏறி வந்தார்.